நாட்டு ஜெர்சியில் நிறுவனக் குறி: நீலாய் வட்டாரக் காற்பந்துக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



மலேசிய நாட்டு அணியின் ஜெர்சி மஞ்சளும் கறுப்பும் கொண்டது. அதன் நெஞ்சில் ஒரு பக்கம் அணியின் சின்னம், மறுபக்கம் உடை நிறுவனத்தின் குறி. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இடத்தில் நைக்கியின் வளைகோடு இருந்தது. 2025-இல் பூமாவின் பாயும் விலங்கு அங்கே வந்து அமர்ந்தது. நிறம் மாறவில்லை, அணி மாறவில்லை, மாறியது ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் எப்படிப்பட்டது, உலகக் காற்பந்தில் அது எப்படி வேரூன்றியது, யாருக்கு என்ன கொடுத்தது, யாரிடம் என்ன வாங்கியது என்பதே இம்மடலின் பொருள்.

ஓர் உடை நிறுவனமும் ஒரு நாட்டின் காற்பந்துச் சங்கமும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் பொதுவாக நான்கு சரடுகள் பின்னியிருக்கும். முதலாவது பொருள்: ஆண்கள், பெண்கள், இளையோர் அணிகளுக்கான ஜெர்சி, பயிற்சி உடை, காலுறை, பைகள். இரண்டாவது பணம்: ஆண்டுதோறும் ஒரு தொகை, கிண்ணம் வென்றாலோ பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றாலோ கூடுதல் தொகை. மூன்றாவது விற்பனை உரிமை: ரசிகர்கள் வாங்கும் ஜெர்சியைச் செய்து விற்கும் உரிமை நிறுவனத்துக்குப் போகும், விற்ற ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு சங்கத்துக்குத் திரும்பும். நான்காவது சரடு கண்ணுக்கு எளிதில் தெரியாதது. விளையாட்டாளர்களின் முகம், நேரம், சில வேளைகளில் ஆட்ட அட்டவணைகூட ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும். உலக அணிகள் சிக்கிக்கொண்ட இடங்கள் பெரும்பாலும் இந்த நான்காவது சரட்டில்தான்.

சிறிய சங்கங்களுக்கு முதல் சரடே முக்கியம். உடைச் செலவு மிச்சமாவதே அவற்றுக்குப் பெரிய நிம்மதி. பெரிய சங்கங்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் வருமானத்தின் முதுகெலும்பு. ஜெர்மனி அணி 70 ஆண்டுகளுக்கு மேல் அடிடாஸோடு இருந்தது. 2027 முதல் 2034 வரை நைக்கியோடு செல்வதாக அந்நாட்டுச் சங்கம் 2024 மார்ச் மாதம் அறிவித்தபோது, அரசியல் தலைவர்களே வருத்தம் தெரிவிக்கும் அளவுக்கு அது பெரிய செய்தியானது. அடிடாஸ் பிறந்த மண் ஜெர்மனி. ஆயினும் அடிமட்டக் காற்பந்துக்குப் பணம் வேண்டும் என்று சங்கம் காரணம் சொன்னது.

இந்த வணிகம் தொடங்கியது ஓர் அண்ணன் தம்பிப் பிணக்கில். ஜெர்மனியின் ஹெர்ஸோகெனவ்ராக் என்னும் சிற்றூரில் ஒன்றாகக் காலணி செய்துகொண்டிருந்த டாஸ்லர் சகோதரர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிந்தார்கள். மூத்தவர் ருடால்ஃப் 1948-இல் பூமாவையும், இளையவர் அடால்ஃப் 1949-இல் அடிடாஸையும் நிறுவினார்கள். 1954 உலகக் கிண்ண இறுதியாட்டம் பெர்ன் நகரில் மழையில் நடந்தது. ஈரத் திடலுக்கு ஏற்ப அடிக்கட்டைகளைத் திருகி மாற்றக்கூடிய அடிடாஸ் காலணிகளை மேற்கு ஜெர்மனி அணி அணிந்திருந்தது. எவரும் வெல்ல முடியாது என்று கருதப்பட்ட ஹங்கேரியை அது 3-2 என்று வென்றது. வெற்றிக்கு ஆட்டமே காரணம் என்றாலும், காலணியின் பெயரும் அன்று உலகெங்கும் போயிற்று. கருவி நன்றாக இருந்தால் ஆட்டக்காரருக்கு உண்மையிலேயே உதவும் என்பதை இவ்வரலாற்றில் மறுக்க முடியாது. உடை நிறுவனங்களின் பங்களிப்பை எடைபோடும் எவரும் அதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வது நியாயம்.

1970 உலகக் கிண்ணத்துக்கு அடிடாஸ் கொடுத்த பந்தின் பெயர் டெல்ஸ்டார். 20 வெள்ளை அறுகோணங்களும் 12 கறுப்பு ஐங்கோணங்களும் சேர்ந்தது. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பந்து தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக அந்த நிறச் சேர்க்கை. இன்றும் ஒரு குழந்தையைப் பந்து வரையச் சொன்னால் அந்த வடிவத்தைத்தான் வரையும். அன்று முதல் உலகக் கிண்ணப் பந்து அடிடாஸின் கையில்தான் இருக்கிறது.

ஆட்டக்காரரின் உடல் விளம்பரப் பலகையானதும் அதே ஆண்டுகளில்தான். 1970-இல் பெலே ஓர் ஆட்டம் தொடங்கும் முன் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட, ஒளிப்படக் கருவிகள் அவருடைய பூமா காலணியைக் காட்டின. அது முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு என்று பரவலாகப் பதிவாகியிருக்கிறது. 1974-இல் நெதர்லாந்து அணி அடிடாஸின் மூன்று கோட்டு ஜெர்சியில் ஆடியது. பூமாவோடு தனி ஒப்பந்தம் வைத்திருந்த யோஹான் குரூய்ஃப் மட்டும் இரண்டு கோட்டு ஜெர்சியோடு களமிறங்கினார். ஒரே அணி, ஒரே நிறம், தோளில் ஒரு கோடு குறைவு. அதே 1974-இல் அட்மிரல் என்னும் ஆங்கில நிறுவனம் இங்கிலாந்து அணியோடு ஒப்பந்தம் செய்து, அணியின் ஜெர்சியைச் சிறுவர்களுக்கு விற்பதையே தொழிலாக்கியது. அதற்கு முன் நாட்டு ஜெர்சி கடையில் வாங்கும் பொருள் என்ற எண்ணமே பெரிதாக இல்லை. தீபாவளிக்குப் பிள்ளைக்கு ஜெர்சி வாங்கித் தரும் இன்றைய வழக்கத்தின் ஊற்று அங்கே இருக்கிறது.

நைக்கி இவற்றுக்கெல்லாம் பிந்தி வந்த நிறுவனம். பில் பவர்மேன் என்னும் ஓட்டப் பயிற்றுநரும் அவரிடம் பயின்ற ஃபில் நைட்டும் 1964-இல் வேறு பெயரில் தொடங்கிய காலணி வணிகம், 1971-இல் நைக்கி என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அந்த வளைகோட்டை வரைந்தவர் கேரலின் டேவிட்சன் என்னும் மாணவி. அதற்கு அவர் வாங்கிய கூலி 35 டாலர். வளைகோடு தாங்கி வந்த முதல் காலணி மெக்சிகோவில் செய்யப்பட்ட ஒரு காற்பந்துக் காலணி. குளிர் தாங்காமல் அது வெடித்ததால் நிறுவனம் ஓட்டக் காலணிகளின் பக்கம் திரும்பியது. காற்பந்துக்கு முழு வேகத்தில் திரும்பி வந்தது, 1994 உலகக் கிண்ணம் அமெரிக்காவில் நடந்த பிறகு.

அப்படித் திரும்பிய நைக்கி நேராக உலகச் சாம்பியனிடமே போனது. பிரேசில் சங்கத்தோடு 1996-இல் செய்த ஒப்பந்தம் 10 ஆண்டுகளுக்கு 160 மில்லியன் டாலர். அதற்கு முன் எந்த நாட்டு அணியும் அவ்வளவு பெற்றதில்லை. அந்த ஒப்பந்தத்தில்தான் நான்காவது சரடு மிக இறுக்கமாக முறுக்கப்பட்டிருந்தது. 10 ஆண்டுகளில் 50 நட்பு ஆட்டங்களை ஏற்பாடு செய்யும் உரிமை நைக்கிக்கு இருந்தது. அவற்றில் முதல் தரத்து விளையாட்டாளர்கள் எட்டுப் பேராவது ஆடவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. எந்த நாட்டில், எந்த நாளில், யாரோடு ஆடுவது, யாரைக் களமிறக்குவது என்பன பயிற்றுநரும் சங்கமும் முடிவு செய்யவேண்டியவை. அவற்றுக்குள் உடை நிறுவனத்தின் கை நுழைந்தது.

1998 ஜூலை 12 அன்று பாரிஸ் அருகே நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்குச் சில மணி நேரத்துக்கு முன் பிரேசிலின் ரொனால்டோவுக்கு வலிப்பு வந்தது. முதலில் அறிவித்த பட்டியலில் அவர் பெயர் இல்லை, பிறகு சேர்க்கப்பட்டது. மந்தமாக ஆடினார். பிரான்ஸ் 3-0 என்று வென்றது. நைக்கியின் வற்புறுத்தலால்தான் அவர் இறக்கப்பட்டார் என்ற பேச்சு நாடெங்கும் கிளம்பியது. பிரேசில் நாடாளுமன்றம் 2000-இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ரொனால்டோவே அங்கு வந்து சாட்சி சொன்னார். தன்னை யாரும் வற்புறுத்தவில்லை என்றார். வற்புறுத்தலுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் மக்கள் முன் விரிக்கப்பட்டது. நட்பு ஆட்டங்களைப் பற்றிய பிரிவுகள் பின்னர் தளர்த்தப்பட்டன. ஒரு நாட்டு அணியின் உடை ஒப்பந்தத்தை அந்நாட்டு நாடாளுமன்றமே வரிவரியாகப் படித்தது அரிதான நிகழ்ச்சி. மற்ற நாட்டுச் சங்கங்கள் அதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருந்தது, இன்றும் இருக்கிறது.

2022 உலகக் கிண்ணத்தில் 32 அணிகளில் 13 நைக்கியையும், 7 அடிடாஸையும், 6 பூமாவையும் அணிந்திருந்தன. மற்ற எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்து எஞ்சியவை ஆறே அணிகள்.

மலேசியாவுக்கு வருவோம். 2007 ஜூலையில் ஆசியக் கிண்ணத்தை நான்கு நாடுகள் சேர்ந்து நடத்தின, மலேசியா அவற்றில் ஒன்று. சொந்த மண்ணில் சீனாவிடம் 1-5, உஸ்பெக்கிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. அந்தத் தோல்விகளின் வலி பலருக்கும் இன்னும் ஆறவில்லை. மூன்றே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2010 டிசம்பரில் தென்கிழக்காசியாவின் சுசுகி கிண்ண இறுதியில் மலேசியா புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது. ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தம் 4-2 என்ற கணக்கில் முதன்முறையாகக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. சாஃபி சாலி ஐந்து கோல்களோடு போட்டியில் அதிகக் கோல் அடித்தவரானார். பயிற்றுநர் கே. ராஜகோபால். அணியில் எஸ். குணாலன், கே. குருசாமி ஆகியோர் இருந்தார்கள். குணாலன் அப்போது நெகிரி செம்பிலான் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். அதற்கு முந்தைய ஆண்டில்தான், 61 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின், நெகிரி செம்பிலான் கிளந்தானை வென்று மலேசியக் கிண்ணத்தைப் பாரோய்க்குக் கொண்டுவந்திருந்தது.

அந்தக் காலத்து நைக்கி ஜெர்சியில் மஞ்சள் நிறத்தின் மேல் புலியின் கறுப்பு வரிகள் ஓடின. ஹரிமாவ் மலாயா (மலாயாப் புலி) என்ற அணியின் பெயருக்கு அந்த வரிகள் கண்ணுக்குத் தெரியும் உருவம் கொடுத்தன. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லாரும் ஒரே வரிச் சட்டையில் அரங்கில் நின்ற காட்சியில் வடிவமைப்பாளரின் திறமைக்கும் பங்கு உண்டு. இந்த அளவுக்கு நிறுவனத்தைப் பாராட்டலாம். வெற்றியை அதன் கணக்கில் எழுத முடியாது. ராஜகோபாலின் இளம் அணி 2009-இல் லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில் வியட்நாமை வென்று தங்கம் பெற்றது. அதற்கு அடித்தளம் ஹரிமாவ் மூடா என்னும் இளையோர் திட்டம், ஆண்டு முழுவதும் சேர்ந்து வாழ்ந்து சேர்ந்து பயின்ற இளைஞர்கள். 2007-இல் தோற்ற அணிக்கும் 2010-இல் வென்ற அணிக்கும் இடையில் நடந்தது பயிற்சி.

இன்னும் பின்னோக்கிப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் எம். சந்திரன் தலைமையில் ஆடிய மலேசிய அணி அமெரிக்காவை 3-0 என்று வென்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கும் மலேசியா தகுதி பெற்றது, புறக்கணிப்பால் போகவில்லை. அந்தத் தலைமுறையின் கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தை ‘ஸ்பைடர்மேன்’ என்றே நாடு அழைத்தது. இவர்கள் காலத்தில் ரசிகர் ஜெர்சி விற்பனையும் இல்லை, பல மில்லியன் உடை ஒப்பந்தமும் இல்லை. திடல் இருந்தது, மாலை நேரம் இருந்தது, தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு குழு இருந்தது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் காற்பந்து எப்படி வளர்ந்தது என்பதை முதியவர்கள் நன்கு அறிவார்கள். காலையில் பால்மரம் வெட்டி, பாலைக் கொண்டுபோய்க் கொட்டி, பிற்பகலில் வேலை ஓய்ந்ததும் திடலில் கூடுவது வழக்கம். பந்து இல்லாத பிள்ளைகள், மரத்தின் வெட்டுக்கோட்டில் உறைந்த பாலை இழுத்துச் சுருட்டிப் பந்தாக்கி ஆடியதுண்டு. கடைப் பந்தின் வயிற்றில் இருப்பதும் அதே சரக்கின் உறவுதான். தைத்த பந்தின் உள்ளே காற்று நிற்கும் பை ஒன்று இயற்கை ரப்பர் பாலால் ஆனது, அல்லது பெட்ரோலியத்திலிருந்து செய்யும் பியூட்டைல் ரப்பரால் ஆனது. பால் ரப்பர் பை காலுக்கு மென்மையாகவும் துள்ளல் மிகுந்தும் இருக்கும், ஆனால் காற்று விரைவில் இறங்கும். பியூட்டைல் பை காற்றை நெடுநாள் பிடித்து வைக்கும். பள்ளிக்குப் பந்து வாங்கும் ஆசிரியர் இதைக் கேட்டு வாங்கினால், ஒவ்வொரு வாரமும் பம்பு தேடும் தொல்லை குறையும்.

ரப்பர் மலாயாவிலிருந்து போயிற்று, பெயர் வேறு யாருடையதோ ஆயிற்று. உடைத் தொழிலிலும் இதே அமைப்பு இருக்கிறது. நைக்கி தன் உடைகளையும் காலணிகளையும் பெரும்பாலும் தானே செய்வதில்லை. வடிவமைப்பும் விளம்பரமும் அதனுடையவை, தையலும் ஒட்டுதலும் ஆசிய நாடுகளின் ஒப்பந்தத் தொழிற்சாலைகளில் நடக்கின்றன. தமிழர்கள் இந்தச் சங்கிலியில் பல கண்ணிகளில் நிற்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில் தைவான் குழுமம் ஒன்றின் ஆலைகளில் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள், நைக்கி காலணி செய்கிறார்கள். இலங்கையில் கிளிநொச்சியிலும் போருக்குப் பின் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை வந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு சம்பளம் வந்ததை அவ்வூர்கள் மதிக்கின்றன. அந்த மதிப்பு உண்மையானது.

சங்கிலியின் இருண்ட கண்ணி ஒன்று மலேசியாவிலேயே வெளிப்பட்டது. 2008-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒன்று, நைக்கிக்கு உடை தைத்துக்கொண்டிருந்த ஹைடெக்ஸ் என்னும் மலேசியத் தொழிற்சாலையின் நிலையை ஒளிபரப்பியது. வங்காளதேசம், வியட்நாம், மியன்மார் போன்ற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் நெருக்கடியான, அசுத்தமான விடுதிகளில் இருந்தார்கள். அவர்களுடைய கடப்பிதழ்கள் பிடித்து வைக்கப்பட்டிருந்தன. வேலைக்கு வருவதற்காகக் கொடுத்த தரகுப் பணமும் கட்டணமும் கடனாகத் தலையில் இருந்தன. தன் விதிகள் கடுமையாக மீறப்பட்டிருப்பதை நைக்கி ஒப்புக்கொண்டது. கட்டணத்தைத் திருப்பித் தரவும், நல்ல விடுதிக்கு மாற்றவும், கடப்பிதழைக் கையில் கொடுக்கவும், ஊர் திரும்ப விரும்புவோருக்கு விமானச் செலவு ஏற்கவும் ஏற்பாடு செய்தது. நாட்டிலிருந்த மற்ற ஒப்பந்தத் தொழிற்சாலைகளையும் அழைத்து அதே விதிகளை வலியுறுத்தியது.

தோட்டத் தமிழருக்கு இந்தக் கதை புதிதல்ல. கப்பல் கூலியையும் முன்பணத்தையும் கடனாக ஏற்றி, அது தீரும்வரை ஆளைக் கட்டிவைக்கும் முறையில்தான் அவர்களுடைய கொள்ளுப்பாட்டன்கள் வந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் சட்டப்படி முடிந்தது. கங்காணிவழி ஆளெடுப்பு, இந்திய அரசு 1938-இல் தடை விதித்தபோது நின்றது. எழுபது ஆண்டு கழித்து, அதே மண்ணில், வேறு நாட்டு ஏழைகள் அதே முடிச்சில் மாட்டியிருந்தார்கள். அவர்கள் தைத்தவற்றை அணிந்தவர்களில் அந்தக் கொள்ளுப்பேரன்களும் இருந்திருக்கலாம். இந்த விவகாரத்தில் நெஞ்சைப் பிசையும் பகுதி இதுவே.

நைக்கிக்கு இந்த விமர்சனம் 2008-இல் முதன்முதலாக வந்ததில்லை. பாகிஸ்தானின் சியால்கோட் நகரம் கையால் தைத்த பந்துக்கு உலகில் பெயர் பெற்றது. அங்கே குழந்தைகள் பந்து தைக்கும் படங்கள் 1996-இல் ஓர் அமெரிக்க இதழில் வந்தபின் உலகம் அதிர்ந்தது. 1997 பிப்ரவரியில் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும், யுனிசெஃபும், சியால்கோட் வர்த்தகச் சபையும் அட்லாண்டாவில் ஓர் உடன்பாடு செய்தன. வீட்டுத் தையலைக் கண்காணிப்புள்ள கூடங்களுக்கு மாற்றுவது அதன் மையம். 1998 மே மாதம் ஃபில் நைட் வாஷிங்டனில் பேசும்போது, தன் நிறுவனத்தின் பெயர் கொத்தடிமைக் கூலிக்கும் கட்டாய மிகைநேர வேலைக்கும் மறுபெயராகிவிட்டதை ஒப்புக்கொண்டு, குறைந்தபட்ச வயதை உயர்த்தினார். 2005-இல் நைக்கி தன் ஒப்பந்தத் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட்டது. அந்தத் துறையில் அது முன்னோடியான செயல். 2006-இல் சியால்கோட்டின் பெரிய பந்துத் தொழிற்சாலையான சாகா நிறுவனத்தோடு, விதிமீறலைக் காரணம் காட்டி, உறவை முறித்தது. அம்முறிவால் ஆயிரக்கணக்கான தையல்காரர்கள் வேலை இழந்தார்கள். தொழிலாளரைக் காக்க எடுத்த நடவடிக்கையின் சுமையும் தொழிலாளர் மேலேயே இறங்கியது. கண்காணிப்பு என்பது தொழிற்சாலையை விட்டு ஓடுவதா, அங்கேயே நின்று சரிசெய்வதா என்ற கேள்வியை அது எழுப்பியது. ஹைடெக்ஸில் நைக்கி நின்று சரிசெய்யத் தலைப்பட்டது நல்ல முன்னேற்றமே.

இந்த வரலாறெல்லாம் ஒரு தோட்டக் குழுவின் வாசலுக்கு வரும்போது எளிய வடிவம் எடுக்கிறது. குழுவுக்கு ஜெர்சி வேண்டும். இன்று பெரும்பாலான உள்ளூர்க் குழுக்கள் அணிவது சப்ளிமேஷன் முறையில் அச்சிட்ட பாலியஸ்டர் ஜெர்சி. வடிவத்தை முதலில் தனிக் காகிதத்தில் அச்சிட்டு, ஏறக்குறைய 200 பாகை சூட்டில் துணியோடு அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி இழைக்குள் இறங்கிவிடும். அதனால்தான் எண்ணும் பெயரும் உரிவதில்லை, மங்குவதில்லை. பருத்தித் துணியில் இம்முறை சரிவராது. பத்துப் பதினைந்து ஜெர்சிகூடச் செய்துதரும் அச்சகங்கள் உண்டு. துணிமணி மொத்த வணிகத்துக்குப் பெயர்போன நீலாய் 3 பக்கத்திலேயே இருக்கிறது.

அப்படிச் செய்யும்போது சிலர் நெஞ்சில் நைக்கியின் வளைகோட்டையோ அடிடாஸின் கோடுகளையோ சேர்த்து அச்சிடக் கேட்பதுண்டு. மதிப்பாக இருக்கும் என்ற ஆசைதான். ஆனால் பதிவு பெற்ற வணிகச் சின்னத்தை அனுமதியின்றிப் பதிப்பது 2019-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி குற்றம். உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரிகள் பொருளைப் பறிமுதல் செய்யலாம். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், பணம் கொடுத்து அந்த இடத்தை வாங்கும் நிறுவனம் ஒன்றுக்கு இலவசமாக விளம்பரம் செய்வதில் குழுவுக்கு ஒரு பயனும் இல்லை. அந்த நெஞ்சிடம் குழுவின் சொத்து. ஊர் மளிகைக் கடையோ, பட்டறையோ, உணவகமோ பந்துக்கும் பேருந்துக்கும் பணம் தந்தால், அவர்கள் பெயர் அங்கே வருவது முறையானது.

ஊர்ப் புரவலரோடு பேசும்போதும் அந்த நான்கு சரடுகள் சிறிய அளவில் இருக்கும். எத்தனை ஜெர்சி, எத்தனை பருவத்துக்கு, பணம் எப்போது, யார் பெயரில் உள்ள கணக்கில், ஆட்டக்காரர் படத்தை யார் பயன்படுத்தலாம், எந்தப் போட்டியில் ஆடுவது என்பதை முடிவு செய்வது யார். கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்ட பெரிய நாடு ஒன்றுக்கு நேர்ந்தது மேலே சொல்லப்பட்டது. வாய்ச்சொல்லாக இல்லாமல் ஒரு பக்கத் தாளில் இவற்றை எழுதி இருதரப்பும் கையொப்பமிட்டால் போதும்.

தனி முயற்சிகள் எவ்வளவு உயரம் போகும், எங்கே நிற்கும் என்பதற்கு மலேசிய இந்தியரிடையே அண்மைச் சான்று இருக்கிறது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமாகிய மீஃபாவின் அணி, பின்னாளில் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, நாட்டின் முதல் நிலை லீக் வரை ஏறியது. ஒரு கட்டத்தில், வெளிநாட்டாரை இறக்கிய பெரிய அணிகளோடு உள்ளூர் விளையாட்டாளர்களைக் கொண்டே மோதியது. 2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகியது. அங்கே ஆடிய பல இளைஞர்கள் வேறு அணிகளைத் தேடிப் போனார்கள். ஒரு தலைமுறை இந்திய இளைஞருக்கு மேலே ஏற இருந்த ஏணி அது. அதன் இழப்பை எந்த உடை ஒப்பந்தமும் ஈடுசெய்யவில்லை. ஈடுசெய்வது அந்த ஒப்பந்தங்களின் வேலையும் அல்ல. நாட்டு அணிக்கு வரும் பணம் நாட்டு அணியோடும் சங்கத்தின் திட்டங்களோடும் நிற்கிறது. தோட்டத் திடலின் புல்லை வெட்டுவதற்கு அது இறங்கி வருவதில்லை.

நீலாய் வட்டாரத்தில் திடல்களே குறைந்துவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பும் கல்லூரிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. 1998-இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தபின் நிலத்தின் விலை இன்னும் ஏறியது. லயத்தோடு திடலும் போனபோது குழுக்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் இடம்பெயர்ந்தன. சில குழுக்கள் பழைய தோட்டத்தின் பெயரை இன்னும் ஜெர்சியில் தாங்குகின்றன. தோட்டம் வரைபடத்தில் இல்லாதபோதும் பெயர் முதுகில் இருக்கிறது. நிறுவனக் குறி எதுவும் அதற்கு ஈடாகாது.

அந்தப் பெயரையும் நிறத்தையும் காப்பதற்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் குழுவைப் பதிந்துகொள்ளலாம். பதிவு பெற்ற குழு தன் பெயரிலேயே கணக்கு வைத்துக்கொள்ளலாம், புரவலரோடு ஒப்பந்தம் எழுதலாம், திடல் கேட்டு உள்ளாட்சி மன்றத்திடம் மனுப் போடலாம். புரவலர் ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டிய வரி ஒன்றே: குழுவின் பெயர், சின்னம், நிறம் மூன்றும் குழுவுக்கே உரியவை, ஒப்பந்தம் முடிந்தாலும் அவை குழுவிடமே இருக்கும். நைக்கி போய்ப் பூமா வந்தபோது மலேசிய அணியின் மஞ்சளும் கறுப்பும் அப்படித்தான் நாட்டிடம் இருந்தன.